வியாழக்கிழமைப் பை

அந்தத் தெருவுக்குக் குப்பை லாரி வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை காலையில் வரும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்த அவள், ஒரு வியாழக்கிழமை இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தபோது, லாரியின் பின்படியில் தொற்றிக்கொண்டு வந்தவனைப் பார்த்தாள். அவளுடைய தம்பி.

இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சில்லை. ஆபீஸ் வேலை பிடிக்காமல் உதறிவிட்டு அவன் லாரியில் ஏறியபோது, "வெளியில யாருகிட்டயும் என் தம்பின்னு சொல்லிக்காதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வாய் தவறியது என்று அவள்தான் பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவனுக்கு இந்தத் தெருவைக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. பனி இன்னும் விலகவில்லை. மரங்களும் மாடிகளும் பாலில் நனைத்த துணி மாதிரி மங்கிக் கிடந்தன. அதற்குள் அவன் ஒருவன் மட்டும் மெல்ல அசைந்து வந்தான். அவளுடைய வாசலில் குதித்து இறங்கினான். பையைத் தூக்கினான். சட்டென்று கையை உதறினான்.

முந்தின நாள் உடைந்த கண்ணாடிச் சீசாவை அவள் அப்படியே பைக்குள் போட்டிருந்தாள். அவன் கைக்குட்டையைச் சுற்றி, பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, அதே கையால் பையை லாரிக்குள் வீசினான். மேலே பார்க்கவில்லை. லாரி பனிக்குள் போய்விட்டது.

அன்று கடையில் தேய்த்த லென்ஸ் எல்லாவற்றிலும் அவளுக்கு அந்தக் கைதான் தெரிந்தது.

மாலையில் வந்ததும் முதல் வேலையாகச் சீசா, புட்டிகளுக்குத் தனியாக ஒரு பெட்டி வைத்தாள். காய்கறிக் கழிவின் நாற்றத் தண்ணீர் அவன் சட்டையில் வழியுமே என்று தோன்றியது. பால்கனியில் சும்மா கிடந்த மண்தொட்டியில் தெருவின் காய்ந்த சருகை நிரப்பி, தோலையும் காம்பையும் அதில் போட ஆரம்பித்தாள். கடைக்குப் போகும்போது துணிப்பை, பாலுக்குத் தூக்கு. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கைதுடைக்கும் துணியாகத் தைத்துக்கொண்டாள். உலகத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. ஒருவன் தூக்குகிற பை கொஞ்சம் லேசாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

தபால் ஆபீசில் வேலை பார்த்த அவள் கணவருக்கு விஷயம் புரிந்திருந்தாலும் புரியாதவர் மாதிரியே இருந்தார்.

"இந்த வீட்ல தூக்கிப் போட இனி நான் ஒருத்தன்தான் பாக்கி."

"உங்களத் தொட்டியில போட்டா மக்க வருஷமாகும்."

"சருகு கொஞ்சம் கூடப் போடு."

காலையில் தொட்டி மூடியைத் திறந்தால் வெதுவெதுப்பாக ஓர் ஆவி எழும்பும். மழை நின்ற தரையின் வாசம் வரும். அவள் கையை உள்ளே விட்டுக்கொண்டு, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் நிற்பாள். போன வாரத்துத் தோல் எது, அதற்கு முந்தின வாரத்துக் கீரைத் தண்டு எது என்று பிரிக்க முடியாது. கோபமும் இப்படித்தான் மண்ணாகுமோ என்று எண்ணியபடி நிற்பாள். ஒருநாள் கனவில், வாசலில் வைத்த பை காற்றடைத்த பலூன் மாதிரி மேலே எழும்பி மொட்டைமாடியைத் தாண்டிப் போக, தம்பி கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

வாரத்துக்கு வாரம் பை இளைத்தது. பாதியானது, கைப்பிடி அளவானது. ஒரு வியாழக்கிழமை வாசலில் வைக்க ஒன்றுமே இல்லை. ஜன்னலுக்கு ஓடிப்போய் நின்றாள். லாரி வந்தது, வேகம் குறைந்தது, நிற்காமல் போய்விட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வாசலில் அவன் நிற்பதற்கு இருந்த ஒரே சாக்கை அவளே அழித்துவிட்டாள்.

"ஒரு வாழைப்பழத் தோலாவது மிச்சம் வெச்சிருக்கலாம்" என்றார் கணவர். வழக்கமான கேலி அதில் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை ஒரு பையை எடுத்துப் பழைய செய்தித்தாள்களைத் திணித்தாள். கட்டப்போகும் நேரத்தில் வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டு, வெறுங்கையோடு கீழே போய், பை வைக்கும் இடத்தில் தானே நின்றுகொண்டாள்.

லாரி நின்றது. அவன் இறங்கினான்.

"பை எங்கக்கா?"

"இல்லடா."

"போன வாரமும் இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். மேல ஏறி வரலாமான்னு யோசிச்சேன், டிரைவர் அண்ணன் நகத்திட்டாரு."

"எது என் பைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"ரெட்டை முடிச்சு. என் புத்தகப் பைக்கு நீதானே போடுவ. அவுக்க முடியாம கிளாஸ்ல அழுதிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

அவன் புதுக் கையுறையைக் கழற்றி மாட்டினான், கழற்றி மாட்டினான். "ரொம்ப நாள் வலிச்சுதுக்கா" என்றான். "இப்ப பரவால்ல."

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்னப்பா, யாரு?"

அவன் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "என் தம்பிங்க."

"அது அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்று சொல்லிவிட்டு, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி ஒன்றைத் தேட ஆரம்பித்தார். அவசரமில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டு, தொட்டியை எட்டிப் பார்த்து, "கிளறிவிடணும்க்கா, காத்து போகணும்" என்று தொழில் தெரிந்தவன்போலச் சொன்னான். பிறகு பால்கனிப் பாயிலேயே சாய்ந்தவன் பேச்சின் நடுவில் தூங்கிப்போனான். அவள் கணவர் ரேடியோவைக் குறைத்தார். வெயில் நகர்ந்து அவன் முகத்துக்கு வரவே, காய்ந்துகொண்டிருந்த புடவையைக் கொடியில் கொஞ்சம் இழுத்துவிட்டாள் அவள்.