பல் டாக்டர் வண்டியில் பதினெட்டுக் கிலோ

காலை பதினொன்றே காலுக்கு வேன் செத்துப்போனது.

நாள்பட்டு இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. கேட்டைத் தாண்டி நாலடி வந்தது, ஒரு இருமல் இருமியது, அடிவயிற்றிலிருந்து கறுப்பு எண்ணெயை நடுத்தெருவில் கொட்டிவிட்டு அப்படியே போய்ச் சேர்ந்தது. பார்க்க வந்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்தார். "எடைக்குப் போட்டுடுங்கம்மா" என்றார்.

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் கேக்கம்மாவுக்கு அழ நேரமில்லை. வீட்டு முன்னறையில், ஏசியைப் பதினாறில் வைத்து, மூன்று அடுக்கு கேக் ஒன்று மணப்பெண் மாதிரி காத்திருந்தது. பதினெட்டுக் கிலோ. வெண்ணெய் க்ரீமில் நாற்பத்திரண்டு ரோஜா. அது மாலை நாலு மணிக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஹோட்டலில் இறங்க வேண்டும்.

ஹோட்டல் மேனேஜர் பேச்சில் தேன் தடவுகிற ஆள் இல்லை. "இது சாம்பிள் மேடம். நேரா வந்து சேர்ந்தா அடுத்த வருஷம் பூரா எங்க விழா கேக் எல்லாம் உங்களுக்கு. சாய்ஞ்சு வந்தா, நன்றி வணக்கம்" என்று சொல்லியிருந்தார்.

வாடகை வேன்காரர்கள் மூன்று பேருக்குப் போன் போட்டாள். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் வண்டி நிறைய சிமென்ட். மூன்றாமவர், "போன தடவ வழி பூரா மெதுவா, மெதுவான்னு என் காதுல கத்துனீங்களே, அந்தம்மாதானே?" என்று கேட்டுவிட்டு லைனைத் துண்டித்தார். சாதாரணக் காரில் கேக் பெட்டி நுழையாது. படுக்க வைத்துக் கொண்டுபோக அது என்ன பாயா?

அப்போதுதான் தம்பி வந்தான். தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சைக்கிளே சந்தேகம். ஆனால் வண்டிகளைப் பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்திருக்கிறான். அக்காவுக்குப் பழைய எஸ்யூவி ஒன்று பிடித்துத் தருவதாக இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தான்.

"அக்கா, அந்தப் பல் டாக்டர் வண்டி இன்னைக்குப் பாக்கலாம்னாரு. மீடியம் சைஸ். கம்பெனி நாலு வருஷம் முன்னாடியே நிறுத்திட்ட மாடல்."

"எதுக்குடா நிறுத்தினான்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. ஒரு தடவ வாங்கினவன் மறுபடி வாங்க வரவே இல்லையாம்."

"டேய், மட்டமா இருந்தாலும் மறுபடி வரமாட்டாங்கடா. பின்னாடி உயரம் என்ன?"

"எஞ்சின் டார்க் பாத்தீனா முன்னூத்தி..."

"உயரம்டா, மண்டு!"

"பின்சீட்ல பாதிய மடிச்சா தொண்ணூறு சென்டிமீட்டர்."

பெட்டி எண்பத்து நாலு. கேக்கம்மாவின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு மெல்லப் பரவியது. பதினைந்து வருட நேர்மையான வியாபாரத்தில் அந்தச் சிரிப்பைத் தம்பி பார்த்ததில்லை. லேசாகப் பயந்தான்.

"ரெண்டரைக்கு வண்டியோட வரச் சொல்லு. ஓட்டிப் பாக்கணும்னு சொல்லு."

"வாங்கப் போறியாக்கா?"

"ஓட்டப் போறேன். மத்ததெல்லாம் நாலு மணிக்கு மேல."

சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்தார் டாக்டர். சலவைச் சட்டை, ஒரு காதில் மட்டும் தொங்கும் மாஸ்க். வண்டி பளபளத்தது. உள்ளே ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொல்வாரோ என்று தோன்றும் சுத்தம்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றார். "எட்டு வருஷமா இந்த வண்டிக்குள்ள தின்பண்டம் ஏறினதில்ல. குறிப்பா இனிப்பு. என் பையன் ஒரு தடவ வாயில மிட்டாயோட ஏறினான். பாதி ரோட்டுல இறக்கிவிட்டுட்டேன்."

"மிட்டாயையா, பையனையா?"

"ரெண்டையும்."

கேக்கம்மா முன்னறைக் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள்.

தம்பி வேலையில் இறங்கினான். குழந்தை விளையாடும் காந்தம் ஒன்றைக் கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான். இடித்த இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் நிற்காது. நின்றது. டயரில் குத்தியிருக்கும் நாலு எண்ணைப் படித்து வயது சொன்னான். கேக்கம்மா தன் பங்குக்கு எஞ்சின் ஆயில் மூடியைத் திருகி உட்புறம் பார்த்தாள். அங்கே வெள்ளையாக க்ரீம் போலப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் தெரியாவிட்டாலும் க்ரீம் அவளுக்குத் தெரியும். மூடி சுத்தமாக இருந்தது.

"வண்டி தங்கம்" என்றார் டாக்டர். "ஒரு குறை சொல்லுங்க பாப்போம்."

"சுமையோட ஓட்டிப் பாத்தாதான் டாக்டர் தெரியும். பதினெட்டுக் கிலோ பெட்டி ஒண்ணு ரெடியா வச்சிருக்கேன்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "குட்! சயின்டிஃபிக்கா யோசிக்கிறீங்க. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போனாங்க."

அக்காவும் தம்பியும் ஒட்டுப்பலகைப் பெட்டியைத் தூக்கி வந்து, பிரேதம் இறக்குவது மாதிரி மெல்லப் பின்பக்கம் வைத்தார்கள். தம்பி மடிக்காத பாதி சீட்டில் உட்கார்ந்து பெட்டியை அணைத்துக்கொண்டான். டாக்டர் முன்னால். ஸ்டியரிங் அவளிடம்.

மணி இரண்டு ஐம்பது.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. டாக்டர் சட்டென்று மூக்கைச் சுருக்கினார்.

"என்ன வாசனை? வெனிலாவா?"

"என் சென்ட்டு டாக்டர்" என்றான் பின்னாலிருந்து தம்பி.

டாக்டர் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வலது பக்கம் திருப்புங்க. நான் வழக்கமா ஓட்டிக் காட்டுற ரூட் அதுதான்."

"இடது பக்கம் ஒரு ஹோட்டல் இருக்கு டாக்டர். பின்னாடி சரக்கு இறக்குற இடத்துக்குப் பெரிய ஏத்தம். அதுல ஏத்திப் பாத்தா கிளட்ச் வண்டவாளம் தெரிஞ்சுடும்."

கிளட்ச் என்றதும் டாக்டர் ஏன் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

மூன்று பத்துக்குப் பின்னாலிருந்து முனகல் வந்தது. "அக்கா, இங்க வேகுதுக்கா. காத்தே வரல."

முன்னால் குளுகுளுவென்றிருந்தது. பின்னால் வெண்ணெய் க்ரீம்.

"டாக்டர், பின்பக்கம் ஏசி வரலையே?"

"பின்னாடி யாரு உக்காரப் போறா?" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார் டாக்டர். "அது... இன்னைக்கு லேசா மக்கர் பண்ணுது."

"லேசான்னா?"

"லேசான்னா லேசாதான்!"

கேக்கம்மா முன்னால் இருந்த காற்றுத் துவாரங்களை எல்லாம் பின்னால் பார்க்கத் திருப்பினாள். போதவில்லை. கண்ணாடியில் பார்த்தால், தம்பி பெட்டியின் பக்கப் பலகையை உருவிவிட்டு, தான் அச்சடித்துக் கொண்டுவந்திருந்த வண்டி விமர்சனத் தாள்களால் விசிறிக்கொண்டிருந்தான்.

டாக்டரும் அதே கண்ணாடியில் பார்த்தார்.

"அது என்ன?"

"சுமை" என்றாள் கேக்கம்மா.

"அது கேக்கு!"

"பதினெட்டுக் கிலோதான் டாக்டர். எடைல பொய் இல்ல."

"என் வண்டில... சக்கரை... நிறுத்துங்க! இப்பவே நிறுத்துங்க வண்டிய!"

"நிறுத்த முடியாது" என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "க்ரீம் இளகிடுச்சு. சடார்னு பிரேக் போட்டா மேலடுக்கு பறந்து வந்து உங்க மடில உக்காரும். நடு அடுக்கு சீட்டுல. கீழடுக்கு கார்ப்பெட்ல. எட்டு வருஷத்துக்கும் சேத்து ஒரே நாள்ல சாப்பிட்டுடும் உங்க வண்டி. பரவாயில்லையா?"

டாக்டர் சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்தார். பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

எதிரே முதல் வேகத்தடை வந்தது.

"இடது பக்கமா ஏத்தாதீங்க!" டாக்டரின் குரல் கிறீச்சிட்டது. "இடது பின் ஷாக் அப்சார்பர் போயிடுச்சு! ஆயில் ஒழுகுது! வலது சக்கரத்த முதல்ல ஏத்துங்க!"

அவள் ஏற்றினாள். பெட்டி ஒரு தடவை பெருமூச்சு விட்டு அமர்ந்தது.

"ஷாக்கு போயிடுச்சா?" என்றான் தம்பி. "விளம்பரத்துல 'குறையே இல்லை'ன்னு போட்டிருந்தீங்க?"

"நீ விசிறு!"

அடுத்த சிக்னல். மஞ்சள் விழுந்தது.

"பிரேக்க லேசா, லேசா! அழுத்தினா வலது பக்கம் இழுக்கும். இந்த மாடலுக்கு பேடு கிடைக்கல, வேற வண்டியோடத அரத்தால ராவிப் போட்டிருக்கு. ஸ்டியரிங்க ஒரு விரல் இடது பக்கம் புடிச்சுக்கிட்டே அழுத்துங்க!"

வண்டி கோடு போட்டது போல் நேராக நின்றது. தம்பி இடது கையால் விசிறிக்கொண்டே வலது கையால் தாளின் பின்புறம் எழுத ஆரம்பித்தான். "ஷாக்கு... பிரேக் பேடு... பின்னாடி ஏசி என்ன டாக்டர், நிஜத்த சொல்லுங்க."

"மோட்டார் எரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றார் டாக்டர், தோற்றுப்போன குரலில். "அந்த மோட்டார இப்ப யாரும் செய்றதில்ல. வண்டிய நிறுத்தினதோட அதையும் நிறுத்திட்டான். வேற எதுக்கு விக்கிறேன்னு நினைச்சீங்க? என் சம்சாரம் பின்னாடிதான் உக்காருவா. வேர்த்து விறுவிறுத்து என் மானத்த வாங்குவா."

"அக்கா, ரோஜா ஒண்ணு வழுக்குதுக்கா!"

"புடிடா!"

"எதால?"

"விரலால!"

டாக்டர் மாஸ்க்கை இழுத்து மூக்கு வரை மாட்டிக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி பெல்ட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பினார். "அப்படி இல்ல, தள்ளு. ஈரத்துல வழுக்குறத எப்படிப் புடிக்கணும்னு எனக்குத் தெரியும்." சட்டைப் பையிலிருந்து ரப்பர் கையுறை ஒன்று வந்தது. சீட்டுகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, இரண்டே விரலால் ரோஜாவை அதன் இடத்தில் ஒற்றி வைத்தார்.

மணி மூன்று நாற்பது. ஹோட்டல் பின்வாசல். செங்குத்தான ஏற்றம்.

"கிளட்ச்சப் பத்தியும் சொல்லிடுங்க" என்றாள் கேக்கம்மா.

"மேல வரைக்கும் விட்டாதான் புடிக்கும். கால முழுசா எடுக்கிற நேரத்துல ஆக்சிலேட்டர் குடுங்க. முன்னாடியே குடுத்தா உறுமும், லேட்டாக் குடுத்தா வண்டி பின்னால நழுவும்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்தாள். எடுத்தாள். இன்னும் எடுத்தாள். வண்டி பின்னால் ஒரு சாண் நழுவியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "இப்ப!" என்றார் டாக்டர். அவள் மிதித்தாள். மாடிப்படி ஏறும் கர்ப்பிணி போல, அடிமேல் அடி வைத்து, வண்டி உச்சியில் போய் நின்றது.

மேனேஜர் அங்கே தயாராக நின்றிருந்தார். கையில் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம்.

பின்கதவைத் திறந்தார்கள். திறந்த கதவு தானாகவே கீழே வர ஆரம்பித்தது.

"அதுவும் நிக்காது" என்றார் டாக்டர். ஓடிப்போய் இரண்டு கைகளாலும் கதவைத் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு, கல்தூண் மாதிரி நின்றார். தம்பி தாளில் இன்னொரு வரி எழுதினான்.

மேனேஜர் பெட்டிக்குள் குனிந்து, மேலடுக்கின் ஓரத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இப்படிப் போனது. அப்படிப் போனது. நடுக்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ரோஜாக்களை எண்ணினார். நாற்பத்திரண்டு. ஒன்றின்மேல் மட்டும் அவர் பார்வை சற்று நேரம் நின்றது.

"இது மட்டும் மத்ததைவிட நேர்த்தியா இருக்கே? யார் வச்சது?"

கதவின் கீழிருந்து ஒரு இருமல் கேட்டது.

"சரி மேடம்" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழம ரெண்டு கேக்கு. ஞாயித்துக்கிழம நாலடுக்கு. ஒப்பந்தப் பேப்பர் நாளைக்கு வந்து வாங்கிக்கங்க."

ஹோட்டல் பையன்கள் கேக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கேக்கம்மா அப்படியே சரக்கு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கதவை விட்டுவிட்டு, உள்ளே கார்ப்பெட்டை மூலை மூலையாகத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு துளி கூட இல்லை. அந்த ஏமாற்றம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் போய்விட்டது.

"எவ்வளவு பெரிய பித்தலாட்டம்!" என்றார் கடைசியில்.

"ஆமா" என்றாள் அவள். "குறையே இல்லாத வண்டின்னு விளம்பரம் குடுத்தது நீங்க."

தம்பி தாளை நீட்டினான். ஐந்து குறைகள், அடிக்கோடிட்டு. "அக்கா, வேணாம்க்கா. பார்ட்ஸே கிடைக்காத வண்டி. வேற நாலு பாத்து வச்சிருக்கேன்."

"அந்த நாலுலயும் குறை இருக்கும்டா. அத விக்கிறவன் சொல்லமாட்டான். நடு ஹைவேயில நின்னுதான் நான் கத்துக்கணும். இதுல எங்க வலிக்குதுன்னு பெத்தவரே பாடம் நடத்திட்டாரு." அவள் டாக்டரைப் பார்த்தாள். "ஏசி மோட்டாருக்குப் பதிலா கூலர் மெஷின் ஒண்ணு பின்னாடி நானே வச்சுக்கறேன். ஷாக்கு, பிரேக்கு, கிளட்ச்சு, கதவு, நாலையும் நான் ஒர்க்ஷாப்புல விட்டு சரி பண்ணிக்கறேன், பில்லு உங்களுது. வியாழக்கிழமைக்குள்ள. வெள்ளிக்கிழம எனக்கு ரெண்டு கேக்கு."

"உங்களுக்கு விக்கிறதா? தினம் தினம் இதுல சக்கரை ஏத்துறதுக்கா? என் தொழில் தர்மம் என்னாகுறது?"

"வருஷம் பூரா இந்த ஊருக்கு கேக்கு போடப் போறேன் டாக்டர். உங்க தொழிலுக்கு நான் செய்யற உபகாரத்துக்கு நீங்கதான் எனக்குக் கமிஷன் குடுக்கணும்."

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இடது பின் சக்கரத்தின் அருகே கொஞ்சம் நின்றார். பிறகு வண்டியிலிருந்து சாவிக்கொத்தை உருவி, வீட்டுச் சாவியையும் கிளினிக் சாவியையும் பிரிக்க ஆரம்பித்தார். வளையம் இறுகியிருந்தது. நகம் வைத்து நெம்பினார், பல்லால் கடித்துப் பார்த்தார், தம்பி நீட்டிய பேனா மூடியை வைத்து இழுத்தார். கடைவாய்ப் பல் பிடுங்குவதைவிட நேரம் பிடித்தது. கேக்கம்மா உள்ளங்கையை நீட்டியபடியே, அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.