எண்பது கிராம்

நல்ல பெயருக்கு ஒரு விலை உண்டு. அந்தத் தெருவில் அது கிலோவுக்கு எண்பது கிராம்.

விலை வைத்தவர் பழைய இரும்புக் கடைக்காரர் நேர்முள். வீட்டார் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அப்பா காலத்துத் தட்டுத் தராசில் முள் நடுவில் வந்து நின்றதும், "முள்ளு நேரா நிக்குதா, நல்லா பாத்துக்குங்க" என்று வந்தவரைக் குனிய வைத்துக் காட்டுவார். அதில் வந்த பெயர். பிறகு தட்டுப் போய் மின் தராசு வந்தது. முள்ளே இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் நேராக நின்றது.

மின் தராசை மாட்ட வந்த மெக்கானிக் வெளிப்படையானவன். "எவ்வளவு குறைச்சு வைக்கட்டும்ணே? கிலோவுக்கு நூறு வைக்கிறவங்க இருக்காங்க" என்றான்.

நேர்முள் யோசித்தார். "நூறு பாவம்ப்பா. எண்பது வை."

அந்த இருபது கிராம் கருணையை நினைத்துக்கொண்டே பல வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டார். வாங்குகிற தராசு வாசலில் இருந்தது. ஒரு கிலோவைத் தொள்ளாயிரத்து இருபது கிராம் என்று சொல்லும். உருக்காலை லாரிக்கு விற்கிற தராசு பின்கட்டில் இருந்தது. அது உண்மை பேசும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஊரில் களவு பெருத்தது. சாக்கடை மூடியைக் காணவில்லை, பாலத்துக் கைப்பிடியைக் காணவில்லை, மின்கம்பத்தில் கம்பியைக் காணவில்லை. திருடனைப் பிடிப்பது கஷ்டம், அவன் விற்கிற இடத்தைப் பிடிப்பது சுலபம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிற்று. சட்டம் வந்தது. விற்பவரின் அடையாள அட்டை, போட்டோ, பொருளின் போட்டோ, எடை, கையெழுத்து எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ரொக்கம் கூடாது, வங்கி வழியாகத்தான் பணம். செம்பும் பித்தளையும் ஏழு நாள் கம்பிக் கூண்டில் சீட்டோடு கிடக்க வேண்டும். தொலைத்தவர் யாராவது தேடி வந்தால் காட்ட வேண்டும். பதிவேட்டை எழுதுகிறவரே அதற்குப் பொறுப்பு.

நேர்முள்ளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முட்டியில் வலி, கண்ணில் மங்கல். முதல் வாரமே அலுத்துவிட்டது. ஒரு ஓட்டை அலுமினியக் குடத்துக்கு ஒன்பது கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது.

"ஒரு ஆளு செத்தாக்கூட இவ்வளவு எழுத மாட்டாங்க" என்றார் வீட்டில்.

அவர் மனைவி ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். ஒரு புள்ளி தப்பினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுகிறவள். "குடுங்க, நான் வந்து எழுதறேன்" என்று மறுநாளே கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். துருவும் கிரீஸும் படிந்த மேசையைத் துடைத்து, அடிக்கோல் வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தன் கையெழுத்தைப் போட்டாள். கடைக்கு ஒரு களை வந்துவிட்டது. நேர்முள்ளுக்குப் பெருமைதான். ஒரு இடைஞ்சலும் இருந்தது. தராசு காட்டுகிற எண்ணை அவள் அப்படியே எழுதினாள். லாரி வருகிற நாளில் மட்டும், "இன்னைக்கு நீ வீட்டுல இரு, ஒரே தூசு" என்பார். போனதும் வந்ததும் ஒரே எடை என்று மாலையில் அவளிடம் சொல்லி எழுத வைப்பார். மிச்சத்துக்கு லாரிக்காரன் கொடுப்பது நேராகச் சட்டைப் பைக்குள் போகும்.

தினமும் வருகிறவள் வண்டிக்காரம்மா. தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் பொறுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறவள். பதினோரு வருஷமும் நாலு மாதமும் வேறு கடைப் படி மிதித்ததில்லை.

"நேரா நில்லு, போட்டோ எடுக்கணும்" என்றாள் மனைவி.

"தினமும் எடுக்கறீங்களேக்கா! என் கல்யாணத்துக்கே ஒரு போட்டோதான் எடுத்தாங்க. அதுலயும் அவருதான் முழுசா இருக்காரு."

"சிரிக்காதே, அசையுது."

தராசு இருபத்து மூன்று காட்டியது. "இருபத்தி மூணா!" என்று அவள் வழக்கம்போலக் கையைப் பிசைந்தாள். "தள்ளும்போது முப்பது மாதிரி கனக்குது. எடுத்து வச்சா இருபத்தி மூணுங்குது. வயசாயிடுச்சு போல."

நேர்முள் மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

நாலாவது மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். அதற்கு முன்பும் வந்திருக்கிறார். போட்டோவைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இந்தத் தடவை ஜீப்பிலிருந்து முத்திரை குத்திய தராசு ஒன்றை இறக்கினார்கள். அதிகாரிக்குக் கடும் ஜலதோஷம். காலையிலிருந்து இது ஏழாவது கடை.

"நாலு சந்திப்புல சிக்னல் கம்பியை வெட்டிட்டுப் போயிருக்காங்க. கிட்டத்தட்ட முப்பது கிலோ செம்பு. கூண்டைத் திறங்க, எல்லாத்தையும் நிறுத்துப் பாக்கணும்."

"தாராளமா பாருங்க சார்" என்று மனைவி பதிவேட்டை விரித்தாள். நேர்முள் அந்த முத்திரைத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். திருடனைப் பற்றித்தான் சட்டம் பேசியது. தராசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவரும் சுதாரித்திருப்பார்.

மூட்டை மூட்டையாக ஏறி இறங்கியது. பதிவேட்டில் முந்நூற்று இருபத்திரண்டு கிலோ. அதிகாரியின் தராசில் முந்நூற்று ஐம்பது.

"இருபத்தெட்டு கிலோ கூடுது" என்றார் அதிகாரி. மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வழக்கமா இந்தக் கடைகள்ல குறையும். இங்க கூடுது. யாருதுங்க இந்த இருபத்தெட்டு?"

"இருக்காது சார்" என்றாள் மனைவி. "இன்னொரு தடவை போடுங்க. நான் எழுதினது தப்பாது."

"எழுதினது நீங்களாம்மா?"

"ஆமா."

"இந்தக் கையெழுத்து?"

"எல்லாப் பக்கத்திலயும் என்னோடதுதான்." அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூட்டைக்கு மூட்டை ஒரே மாதிரி கூடுது. திருட்டுச் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் கலந்திருக்கீங்க. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா கணக்கு இடிக்குது. பொறுப்பு நீங்கன்னா, நீங்கதான் வண்டியில ஏறணும்மா."

மனைவி கணவரைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. கூட்டலில் எங்கோ ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது, இவர் இப்போது எடுத்துக் கொடுத்துவிடுவார் என்ற பார்வை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

நாற்பது வருஷம் பேரம் பேசிய வாய். ஒரு பொய் வேண்டும் என்று உள்ளே துழாவினார். லாரிக்காரன் விட்டுப்போனது என்று சொல்லலாம். பதிவேட்டில் இல்லாத சரக்கு என்று அதற்கும் அவளைத்தான் கேட்பார்கள். முன்பெல்லாம் பொய் கேட்பதற்கு முன்னால் வந்து நிற்கும். இன்று ஒன்றும் வரவில்லை. களைப்பாக இருந்தது.

கூண்டுக்குள் போய்க் குனிந்து, ஒரு பித்தளை வால்வைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இது ஒரே வார்ப்பு. உள்ளே எதையும் கலக்க முடியாது. சீட்டுல என்ன போட்டிருக்கு, பாருங்க."

"நாலு கிலோ அறுநூறு."

"உங்க தராசுல வைங்க."

ஐந்து கிலோ காட்டியது.

நேர்முள் அதை எடுத்து, வாசலுக்கு நடந்து, தன் தராசில் வைத்தார். நான்கு கிலோ அறுநூறு. சிவப்பு எண்கள் கொஞ்சமும் கூச்சப்படாமல் எரிந்தன.

அதிகாரி தும்மினார்.

"அப்ப நீங்க திருட்டுப் பொருள் வாங்கல."

"இல்ல சார்."

"வாங்கும்போது நீங்கதான்..."

"ஆமா சார். கிலோவுக்கு எண்பது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தராசு சொன்னதை எழுதினா, அவ்வளவுதான்."

மனைவி வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எங்கண்ணன் வித்தது" என்றாள் மெதுவாக. "அவரு பட்டறையை மூடினப்போ கொண்டுவந்து போட்டாரு. எங்கண்ணனையுமா?"

"தராசுக்கு உறவு தெரியாதும்மா." பழகிப்போன வாய், நிறுத்துவதற்குள் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி இரண்டு தாள் நீட்டினார். "உங்க கைப்பட எழுதுங்க. இதுக்கு வேற சட்டம் இருக்கு. அபராதம் கட்டணும், தராசுக்கு சீல். பதிவேட்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் குறைஞ்ச எடைக்கு உண்டான பணம் ஏழு நாள்ல போய்ச் சேரணும். ஒவ்வொருத்தர் கையெழுத்தும் வேணும். இல்லைன்னா லைசென்ஸ் இல்ல." ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "நாலு மாசமா தினமும் உங்க தப்பை நீங்களே போட்டோவோட பதிஞ்சு வச்சிருக்கீங்க. என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்றார்.

சிக்னல் கம்பி பிறகு வேறு ஊரில் ஒரு கடையில் அகப்பட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கடையில் பதிவேடே இல்லையாம்.

பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டுப் பேர். மனைவி அன்று மாலையே பட்டியல் போட்டாள். அடிக்கோல் வைத்துத்தான் போட்டாள். வீட்டில் சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. கடையில் தேவைக்கு இரண்டு வார்த்தை. "அடுத்தவரைக் கூப்பிடுங்க. கையெழுத்து வாங்குங்க."

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் திட்டினார். ஒருவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். குழாய் ரிப்பேர்க்காரர், "நேர்முள்ளுன்னு கூப்பிட்டோமே, ஒரு நாளாவது சொல்ல வேண்டாமா, கொஞ்சம் சாஞ்சிருக்குன்னு?" என்றார். மைத்துனர் வந்து பாக்கியை வாங்கிக்கொண்டார்.

"தப்பு என் மேலதான் மாப்பிள்ளை" என்றார். "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடியே உங்களை எடை போட்டுப் பாத்திருக்கணும்."

நேர்முள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த வாரத்தில் தலை தானாகவே ஆடப் பழகியிருந்தது.

ஏழாம் நாள் கடைசியாக வண்டிக்காரம்மா வந்தாள். கையெழுத்துப் போட்டாள். வங்கியிலிருந்து வந்த செய்தியைப் போனில் மனைவியிடம் காட்டிச் சரி பார்த்துக்கொண்டாள். போகவில்லை. கதவோரம் உட்கார்ந்து விரலை மடக்கினாள்.

"இது நாலு மாசத்துக்கு. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் இருக்கே?"

"அதுக்குப் பதிவேடு இல்ல" என்றார் நேர்முள்.

"எனக்குக் கால் இருக்கே அண்ணே, அது பதிஞ்சு வச்சிருக்கு. நீங்க இருபத்தி மூணுன்னா அது இருபத்தஞ்சு. அப்ப தினமும் ரெண்டு கிலோ. வருஷத்துக்கு ஒரு முந்நூறு நாள் தள்ளிருப்பேனா? அக்கா, நீங்க போடுங்க கணக்கை."

மனைவி தாளில் போட்டாள். "ஆறாயிரத்து அறுநூறு கிலோ."

"வண்டிக்கு இருபத்தஞ்சு கிலோன்னா எத்தனை நடை?"

"இருநூத்தி அறுபத்தி நாலு."

"இருநூத்தி அறுபத்தி நாலு நாள் உங்களுக்கு நான் சும்மா வண்டி தள்ளிருக்கேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "வயசாயிடுச்சுன்னு நினைச்சேன் அண்ணே. என் உடம்பு பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் அதே யோசனை."

"ஏதாவது கணக்குப் பாத்துக் குடுத்துடறேன்."

"எந்த வருஷம் என்ன விலைன்னு யாருக்கு ஞாபகம்? நீங்க ஒண்ணு சொல்வீங்க, நான் ஒண்ணு சொல்வேன். பேரத்துல உங்களை ஜெயிக்க முடியுமா? நான் கோவப்படல. கோவப்படறதுக்கும் தெம்பு வேணும்ல." எழுந்து வண்டியைத் திருப்பினாள். "பணத்தை விடுங்க. தள்ளின நடைக்கு என்ன பதில்னு சொல்லுங்க."

அவள் போன பிறகு மனைவி பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். விற்றவர் என்ற கட்டத்தில் வண்டிக்காரம்மாவின் பெயரையும் அட்டை எண்ணையும் எழுதினாள். பொருள்: வண்டி நடை. எண்ணிக்கை: 264. கீழே, தான் எப்போதும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் போடாமல், பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க போடுங்க" என்றாள். ஏழு நாளில் தேவைக்கு வெளியே பேசிய முதல் பேச்சு.

போட்டார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அந்தத் தெரு ஒரு வேடிக்கை பார்த்தது. தள்ளுவண்டி வந்தது, தள்ளிக்கொண்டு வந்தவர் நேர்முள். வண்டிக்காரம்மா பக்கத்தில் கை வீசிக்கொண்டு நடந்தாள்.

"மேடு வருது முதலாளி, மூச்சைப் பிடிங்க. அப்படி இல்ல, முட்டியை மடக்காதீங்க. இடுப்பால தள்ளுங்க."

"எல்லா நாளும் இந்த மேடு இருக்கா?"

"இன்னைக்கு உங்களுக்காகப் போட்டாங்க."

கடை வாசலில் நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முட்டி தனியாக அழுதது. புதிதாக முத்திரை குத்திய தராசில் மனைவி ஒவ்வொரு சாமானாக வைத்தாள். இருபத்தைந்து கிலோ.

"தள்ளும்போது முப்பது மாதிரி கனத்துச்சே" என்றார் நேர்முள், வாசல் படியில் உட்கார்ந்தபடி.

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் வண்டிக்காரம்மா.

மனைவி நேற்றைய பக்கத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"மேட்டுல தள்ளிருக்கேன்" என்றார் அவர். "முட்டி வேற வீங்கிருக்கு. ரெண்டுன்னு எழுதேன்."

"பாவம், ஒரு எண்பது கிராம் வேணா சேத்து எழுதுங்கக்கா" என்றாள் வண்டிக்காரம்மா.

மனைவியின் உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது; மங்கிய கண், அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் அடிக்கோலை வைத்து எழுதினாள்.

கொடுத்தது 1. பாக்கி 263.