பிரேக் அக்காவின் கன்னக்கட்டி

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் வேலை. பயிற்சிக்கு வருகிறவர்கள் ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கக் காருக்குள் உட்கார்ந்து பேசுகிற தொழில் என்பதால், வருஷக்கணக்கான வாய் வறட்சிக்கும் கண் உறுத்தலுக்கும் அவள் காரின் ஏசி மேலேயே பழி போட்டுவந்தாள். இடது காதுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்து, வலிக்காமலே மாதக்கணக்கில் குடியிருந்தது. தச்சுவேலை செய்யும் கணவன்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனான்.

கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதித்த டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை.

“உமிழ்நீர்ச் சுரப்பியில வந்திருக்கிற லிம்போமா. புற்றுநோய்தான், ஆனா நத்தை மாதிரி மெதுவா வளர்ற வகை. உங்க எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பிய ரொம்ப நாளா தாக்கிட்டிருக்கு. வறட்சிக்கும் அதுதான் காரணம்.”

“வெட்டி எறிஞ்சிடுங்க டாக்டர்,” என்றான் கணவன்.

“வேண்டாம். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுது. வேற எங்கயும் பரவல, கதிர்வீச்சே போதும்.”

“நான் பேச முடியுமா?” என்று கேட்டாள் அவள்.

“தாராளமா. வாய் இன்னும் கொஞ்சம் வறளும், அவ்வளவுதான்.”

“பேச்சைக் குறைக்க ஏதாவது வைத்தியம் இருந்தா சொல்லுங்க டாக்டர்.” கணவன் சிரிக்கப் பார்த்தான்; குரல் உடைந்துவிட்டது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதிர்வீச்சு கொடுக்க, முகத்துக்கு அளவெடுத்த வலைமூடியை மாட்டி, அசையாமல் படுக்கவைத்தார்கள். முதல் நாள் ‘பதறாம கிளட்சை விடு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சில வாரம் சாப்பாடு மண்ணாக இருந்தது. கட்டி கரைந்தது, அடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வலது பக்கம் கட்டி தலைகாட்டியது. வராந்தாவில் கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க இது? திரும்ப வரலாம்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாங்கல்ல? வந்தாலும் அடக்கிடலாம்னும் சொன்னாங்க. அதை மட்டும் மறந்துட்டீங்களா?”

இந்த முறை வாரம் ஒன்றாக நாலு வாரம், நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். முதல் நாள் குளிர்நடுக்கம் கண்டது, பிறகு பழகிவிட்டது. மூன்றாம் மாதப் பரிசோதனையில் கட்டி தடவினாலும் கைக்குத் தட்டுப்படவில்லை.

“பல பேரு இதோட வருஷக்கணக்கா நல்லா வாழ்றாங்க. செக்கப்ப மட்டும் விட்டுடாதீங்க,” என்றார் டாக்டரம்மா.

அவள் விடுவதாக இல்லை. ஆனால் வெளியே வந்ததும் கார் சாவியைக் கணவனிடம் நீட்டினாள்.

“ஊருக்கே சொல்லிக்குடுத்தாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி. அடுத்த செக்கப்புக்கு நீங்கதான் ஓட்டிட்டு வரணும். ஏறுங்க.”