கொக்கியின் கையில் மட்டும்

மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து ஸ்டோர் அறையில் குந்தி உட்கார்ந்து, துருப்பிடித்த நட்டையும் போல்ட்டையும் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட்டதில் வந்த வலி. முழங்கை வழியாக ஏறித் தோளில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. வலது கட்டைவிரலில் மட்டும் வலி இல்லை. சங்கிலிக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது அந்த விரல்தான். நசுங்கிய இடத்தில் வலி இல்லையென்றால் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? கொக்கி அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

கொக்கி என்பது பட்டறை வைத்த பெயர். அப்பா அம்மா வைத்தது சம்பளப் பட்டியலோடு சரி. கூரைக்கடியில் ஓடுகிற கிரேனை வருடக்கணக்கில் ஓட்டியவன். மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற கிரேன் இல்லை. இடுப்பில் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு தரையில் நடந்தபடியே, யானை கனத்துக்கு இருக்கும் இரும்பைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் பூப்போல இறக்குவான். இறக்கும்போது தகடு முனகினால்கூட அவனுக்கு மானம் போன மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவனை, கை நசுங்கியதும் ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஸ்டோர்காரருக்கு வாய் சும்மா இருக்காது. யானை மேய்த்தவன் இப்போது எறும்பு மேய்க்கிறான் என்று டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவனும் கூடவே சிரித்துவைத்தான். சிரிக்காமல் இருந்தால் இன்னும் நாலு பேரிடம் சொல்வார்.

சூப்பர்வைசர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். திங்கட்கிழமை ரிமோட்டைக் கையில் கொடுப்பார்கள். பழையபடி ஓட்டிக் காட்டினால் கிரேன். தடுமாறினால் கடைசிவரை ஸ்டோர்தான்.

வீட்டில் பழகிக்கொள்ளலாம் என்ற யோசனை மச்சினனுடையது. மனைவியின் தம்பி, அதே பட்டறையில் கீழே நின்று சுமைக்குச் சங்கிலி மாட்டுகிறவன். மகள் கம்ப்யூட்டரில் விளையாட ஒரு வயர்லெஸ் கன்ட்ரோலர் வைத்திருந்தாள். யாரோ ஆடித் தேய்த்து, கம்பெனிப் பெயரே அழிந்துபோன பழைய சாமான். இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு குமிழ், நடுவில் ஓர் உருண்டைப் பொத்தான். அந்த நடுப்பொத்தானைத் தட்டினால் ஒன்றும் ஆகாது. அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோலர் அணைந்துவிடும். அக்கா மகளுக்காகத் துறைமுகத்தில் பெட்டி ஏற்றுகிற விளையாட்டு ஒன்றை ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தான் மச்சினன். "நம்ம கிரேனேதான் மாமா. என்ன ஒண்ணு, இங்க கீழ விழுந்தா யாரும் சாக மாட்டாங்க" என்றான்.

முதல் நாள் ஐந்து பெட்டி கப்பலேறியது. ஆறாவது பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது திரை உறைந்தது. கன்ட்ரோலர் இணைப்பில் இல்லை என்று எழுத்து வந்தது. திரும்ப இணைப்பதற்குள் பெட்டி கடலில் கிடந்தது. அடுத்த தடவையும் அதே கதை. சில சமயம் தொடங்கியதுமே விடும். சில சமயம் கடைசிப் பெட்டிவரை ஒழுங்காக ஓடிக் கழுத்தறுக்கும்.

பேட்டரி மாற்றினார்கள். மேசையைக் கம்ப்யூட்டரோடு ஒட்டிப் போட்டார்கள். மகள் கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து அழித்துப் புதிதாக இணைத்தாள். பழைய உறவை அறுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துவைக்கிறேன் என்று அவள் விளக்கம் சொன்னபோது, இரண்டாம் கல்யாணமாவது நிலைக்கட்டும் என்றான் கொக்கி. நிலைக்கவில்லை. மூன்றாவது பெட்டியிலேயே அறுந்தது.

பிறகு பட்டறை முறைக்கு இறங்கினான். பட்டறையில் ரிமோட் விட்டுவிட்டு வேலை செய்தால் முதலில் சுற்றியுள்ளதையெல்லாம் நிறுத்துவார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஓடவிட்டு எது குறுக்கே வருகிறது என்று பிடிப்பார்கள். ஒருமுறை வெல்டிங் மெஷின்தான் திருடன் என்று அப்படிக் கண்டுபிடித்தவன் அவனே. வீட்டிலும் ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை எல்லாவற்றையும் அணைத்தான். மூன்று பேர் கைப்பேசியையும் அணைத்து வாசல்படியில் வைத்தான். சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்த மனைவி புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டு, ஃபிரிட்ஜை அணைத்தால் பால்தான் திரியும், கன்ட்ரோலர் திருந்தாது என்றாள். அப்படியே ஆயிற்று. பாலும் போயிற்று, பெட்டியும் போயிற்று.

அணைத்ததையெல்லாம் திரும்பப் போடும்போது மகள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு விடலையேப்பா. நேத்து ஸ்கூல் விட்டு வந்து எவ்ளோ நேரம் ஆடினேன். ஒரு தடவகூட விடல."

"உன் கை சின்னது. லேசா புடிக்கிற. என்னுது இரும்பு புடிச்ச கை."

சொல்லிவிட்டான். சொன்னதை அவனே நம்பவில்லை. கன்ட்ரோலரில் கோளாறு இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும். அதில் இல்லையென்றால் கோளாறு வேறு எங்கே என்பதை அவன் நினைக்க விரும்பவில்லை.

மச்சினன் அதைக் கைப்பேசி பழுது பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனான். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தான். கடைக்காரர் பிரித்துப் பார்த்தாராம்; பேட்டரி ஸ்பிரிங்கைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினாராம்; மதியம் முழுக்க ஆடிப் பார்த்தாராம். ஒருமுறையும் விடவில்லை, ஆனால் கடையில் வேறு வேலையும் நடக்கவில்லை என்று மச்சினன் சிரித்தான். இதை யார் ஆடுகிறார்கள் என்று கடைக்காரர் கேட்டதையும் சேர்த்துச் சொன்னான். கொக்கிக்குச் சுருக்கென்றது. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்; அந்தப் பழமொழி மனைவியின் நாக்கு நுனிவரை வந்ததை அவன் பார்த்தான். அவள் விழுங்கிவிட்டாள். சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லை. மனைவிக்குக் கடையில் வேலை; மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கொக்கி சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தான். ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த நீல மசி. இரண்டு இரும்புப் பாகம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லையென்றால் ஒன்றின்மேல் இந்த மசியைத் தடவி, மற்றதை வைத்து அழுத்தி எடுப்பார்கள். எங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். ஆள் பொய் சொல்வான்; அளவுகோல்கூடச் சமயத்தில் பொய் சொல்லும்; மசி சொல்லாது.

அவன் சந்தேகம் பேட்டரி மூடியின்மேல். தன் முரட்டு உள்ளங்கை அழுத்தி மூடி நகர்கிறது, பேட்டரி ஆடுகிறது, தொடர்பு விடுகிறது; மகளுக்கும் கடைக்காரருக்கும் விடாததற்கு அதுதான் காரணம். கணக்கு அழகாகத்தான் இருந்தது. மூடியின் ஓரம் முழுக்க மெல்லிசாக மசி தடவினான். வேலையென்று வந்தால் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை; கை படக்கூடாத மற்ற இடங்களிலும் ஒரு தொடு தொட்டுவைத்தான். நடுப்பொத்தானிலும்.

ஆடினான். நாலாவது பெட்டி அந்தரத்தில் நின்றபோது திரை உறைந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. மூடியின் மசியும் கலையவில்லை. நீலம் வலது கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் இருந்தது, அழுத்தி வைத்த ரேகை மாதிரி.

கட்டைவிரல் குமிழின்மேல்தான் இருந்தது என்று கோயிலில் நின்று சத்தியம் செய்திருப்பான். துடைத்துவிட்டு மறுபடி ஆடினான். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் விரலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்வரை விரல் ஒழுங்காக இருந்தது. பெட்டி எங்கே என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால், குடித்தவன் பெஞ்சிலிருந்து சரிகிற மாதிரி விரல் குமிழிலிருந்து சரிந்து நடுப்பொத்தானில் படுத்துக் கிடந்தது. அழுத்திக்கொண்டும் இருந்தது. அது அழுத்துவதை அவன் கண்ணால்தான் தெரிந்துகொண்டான். விரல் ஒரு தகவலும் அனுப்பவில்லை.

கை நசுங்கியபோது மருத்துவமனையில் டாக்டர் ஊசிமுனையால் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே சொன்னான். அன்று அது ஏமாற்று என்றே அவனுக்குப் படவில்லை.

பட்டறை ரிமோட்டில் கட்டைவிரல் சரிந்தால் போய் விழுகிற இடத்தில் இருப்பது சுமையை இறக்குகிற பொத்தான்.

மனைவி வந்தபோது அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் கன்ட்ரோலரைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"என்னங்க இது நீலம்?"

"மசி."

"எப்படிப் பட்டுச்சு?"

"தெரியல."

அவள் பையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் நகத்தால் அழுத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொல்லுங்க."

அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு பல்லி பூச்சியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் போயிற்று.

"எப்ப அழுத்தப் போற?"

"அழுத்தி எடுத்துட்டேன்" என்றாள்.

விரலில் பிறைபோல நகத்தின் தடம் ஆழமாக இருந்தது. அவள் அழவில்லை. எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து நீலத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, கீழே நிற்கப்போவது தன் தம்பி என்பதை நினைவுபடுத்தினாள். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள். கொக்கி தலையாட்டினான்.

"நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, உங்க சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டதா ஆயிடும். ஆனா சொல்லணும்."

சாயங்காலம் மச்சினன் வாயெல்லாம் பல்லாக வந்தான். நாளைக்குச் சங்கிலி மாட்டப் போவது யார் என்று சூப்பர்வைசர் கேட்டாராம். கையடிபட்டவன் ஓட்டுகிற சுமைக்குக் கீழே நிற்க ஒருவனும் வாய் திறக்கவில்லையாம்.

"நம்ம மாமா கைய எனக்குத் தெரியாதா, நான் நிக்கிறேன்னுட்டேன். ஒருத்தன் மூஞ்சிலயும் ஈயாடல."

கொக்கிக்குத் தொண்டையில் வார்த்தை வந்து நின்றது. ஸ்டோர் அறையின் டப்பாக்களும் வந்து நின்றன.

"ஆமா, கன்ட்ரோலர் என்னாச்சு மாமா? கண்டுபிடிச்சியா?"

"பேட்டரி மூடிதான் மாப்ள. லூசு."

மச்சினன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்தக் கடைக்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று தான் அப்போதே நினைத்ததாகச் சொன்னான். அடுப்பு மேடையில் பாத்திரம் ஒன்று நங்கென்று வைக்கப்பட்டது.

காலையில் அவன் செருப்பு மாட்டும்போது மனைவி வாசலை மறித்துக்கொண்டு சொல்லியாயிற்றா என்று கேட்டாள். டெஸ்ட் முடியட்டும், முடிந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன் என்றான். அவள் வழிவிட்டாள். போய் வாருங்கள் என்று சொல்லவில்லை.

பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். மச்சினன் தகட்டுக்குச் சங்கிலி மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினான். கொக்கி தூக்கினான். ஒரு சாண் தூக்கி நிறுத்துவது பட்டறை வழக்கம். சங்கிலி இறுகியிருக்கிறதா என்று கீழே நிற்கிறவன் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மேலே போக வேண்டும். சரி வந்தது. சுமை கூரையை நோக்கிப் போயிற்று.

கொக்கி சுமையைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டைவிரலைப் பார்த்தபடி நடந்தான். நீதிமன்றத்தில் கைதியைப் பார்க்கிற போலீஸ் மாதிரி விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுமை எங்கே போகிறது என்பதை மச்சினனின் குரலை வைத்தே தெரிந்துகொண்டான். இன்னும் வா மாமா, இன்னும், கொஞ்சம் இடது, நிறுத்து. முதுகில் வேர்வை வழிந்து கால்சட்டைக்குள் இறங்கியது. தகடு லாரியில் முனகாமல் உட்கார்ந்தது.

யாரோ கைதட்டினார்கள். தலைகூட நிமிராமல் என்ன ஒரு கவனம் என்று சூப்பர்வைசர் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தார். ஸ்டோர்காரர் எறும்புகளுக்கு இனிமேல் நாதியில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன் ஓடிவந்து அவன் தோளில் அடித்தான்.

"மாமா, நீ அப்படியே இருக்க. கண்ண மூடிக்கிட்டு உன் சுமைக்குக் கீழ படுத்துத் தூங்கலாம்."

"மாப்ள" என்றான் கொக்கி.

"சொல்லு மாமா."

அடுத்த லாரி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. பாத்து மாட்டு."

மச்சினன் சிரித்துக்கொண்டே போய்க் குனிந்து சங்கிலியை மாட்டினான். எழுந்து கையைத் தூக்கினான். கொக்கி அன்று மாலை சங்கு ஊதும்வரை தூக்கினான், மறுநாளும் தூக்கினான். 'இந்த விரல் செத்துப்போச்சு, தள்ளி நில்லு' என்ற வார்த்தையை மச்சினனுக்குக் கொடுத்தாக வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.