சுட்டுவிரலைப் பற்றி முடிக்காத வாக்கியம்

1

இந்தக் கதை ஓர் அலறலில் பிறந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, அறுவை சிகிச்சை செய்து, அக்கா பிழைத்தாள். இடது கை மட்டும் உணர்ச்சியில்லாமல் ஈரத்துணி மாதிரி தொங்கியது. அக்கா பெண்களுக்கு முடி வெட்டுபவள். அந்தக் கைதான் சீப்பைப் பிடிக்கும். அக்குபங்சர் வைத்தியர் அதில் மயிரிழை போன்ற ஊசியை இறக்கியதும் கத்தினாள்.

"ஐயோ, வலிக்குது!"

அத்தான் சந்தோஷத்தில் குதித்தார். "வலிக்குதாம்! என் பொண்டாட்டிக்கு வலிக்குதாம்!"

(இப்படித் தொடங்கினால் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? வேறு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன். அதில் மழை பெய்தது. அடித்துவிட்டேன்.)

2

அன்று மாலை சுட்டுவிரல் அசைந்தது. ஊசிதான் அந்த விரலை

இல்லை. இதை எப்படி முடிப்பது? பிசியோதெரபி பெண் தினமும் காலையில் அதே விரலை மடக்கி நீட்டி வியர்த்துப் போகிறாள். மூளை தானாகவும் கொஞ்சம் தேறும் என்கிறார் பெரிய டாக்டர். எழுவாய் யார் என்றே தெரியாமல் நான் விழிக்கிறேன்.

அத்தானுக்குக் குழப்பமே இல்லை. "இனி ஊசி போதும். பயிற்சியை நிறுத்திடலாம்."

வைத்தியர் பதறிவிட்டார். "சார், அந்த வேலை மட்டும் வேண்டாம். அதோட சேர்த்துத்தான் இது. அதுக்குப் பதிலா இல்லை."

"அப்போ விரல் அசைஞ்சது உங்களாலதானே?"

"சத்தியமா தெரியலை சார்."

(இவரை ஏமாற்றுக்காரராக எழுதினால் கதை விறுவிறுவென்று ஓடியது. மனசு கேட்கவில்லை.)

பயிற்சி நிற்கவில்லை. ஊசியும் நிற்கவில்லை. அத்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

3

முடிவு ஒன்று: அக்கா மறுபடி கடை திறக்கிறாள். முடிவு இரண்டு: கை அந்த ஒரு விரலோடு நின்றுவிடுகிறது. எதுவும் தோதுப்படாமல், இதுவரை எழுதியதை அக்காவிடமே படித்துக் காட்டினேன்.

"யாரு அசைச்சது, யாரு அசைச்சதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கியே. நான்தான்டி அசைச்சேன்."

"இதை ஏன்க்கா அப்பவே சொல்லலை?"

"என்னை யாரு கேட்டீங்க?"

"எப்படி அசைச்சே?"

அக்கா கையைப் பார்த்தாள். "தெரியலை. அசைன்னேன், அசைஞ்சது. இன்னைக்குக் காலையில கட்டைவிரல்கிட்ட சொன்னேன். அது கேக்கலை."

இப்போது மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. நான் பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டைவிரலைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுவாயை மட்டும் மாற்றாதீர்கள்.