மயில்சாமியின் டிராக்டரில் அறுந்த ஈயச் சீல்

1

இந்தக் கதை ஒரு ஈயச் சீலிலிருந்து பிறந்தது. சுண்டைக்காயை விடச் சிறியது. என் மேசை இழுப்பறையில், சாக்பீஸ் துண்டுகளுக்கும் எழுதாத பேனாக்களுக்கும் நடுவே கிடக்கிறது. அதில் கோத்த கம்பி அறுந்திருக்கிறது. சின்ன டீசல் டிராக்டரின் பம்பில் வேகத்துக்கு எல்லை கட்டும் திருகு ஒன்று உண்டு. கம்பெனியில் அதைச் சரியான இடத்தில் நிறுத்தி, கம்பி கோத்து, ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்து அனுப்புவார்கள். இதைத் தொடாதே என்று அர்த்தம். அது என் இழுப்பறைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

(‘பிறகு சொல்கிறேன்’ என்கிற எழுத்தாளனை நம்பாதீர்கள். நான் நம்புவதில்லை.)

நான் நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். முதல் வாசகி என் மனைவி ரஞ்சனி. அவள் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பாடம் எடுக்கிறாள் என்பதால், இந்தக் கதையின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள் கொஞ்சம் அதிகம். அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “பெரிய சத்தத்தோடு மிஷின் சிதறியபோது குப்பாயி”

அடித்துவிட்டேன். குப்பாயி யாரென்றே உங்களுக்குத் தெரியாது. முதல் வரியிலேயே ஒருத்தியைக் காவு கொடுத்து வாசகரை உள்ளே இழுப்பது எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது: “கவர்னர் என்பது இஞ்சினின் சுழற்சி வேகத்தை”

பெல் அடித்தால் மாணவர்கள் எழுந்து ஓடும் வகை வாக்கியம். அதுவும் போயிற்று.

மூன்றாவது: “மோகனூர் ரோட்டில் ஒரு முட்டை வண்டி மயில்சாமியை முந்திக்கொண்டு போனது.”

இதை வைத்துக்கொண்டேன். முட்டை ஏற்றிய வண்டியை ஓட்டுகிறவர் மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பவர் மாதிரி ஓட்டுவார். அவரே ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். லாரி கட்டும் ஊர் இது. இங்கே மெதுவாகப் போவது ஒரு குறை.

3

மயில்சாமிக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளக் காடு. வைத்திருப்பது சின்ன டிராக்டர். மறுவாரமே அதைத் தனபாலின் கடைக்கு ஓட்டி வந்தார்.

தனபால் பம்பு மெக்கானிக். இருபது வருடமாக லாரி பம்புகளையே பிரித்துப் பூட்டிப் பழகியவர். இழுவை பத்தவில்லை, ஏத்தத்தில் திணறுகிறது என்கிற புகாரைத் தவிர வேறு புகாரைக் காதில் வாங்கியதில்லை. டிராக்டரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“வாங்கண்ணா. பம்பு மக்கர் பண்ணுதுங்களா?”

“மக்கர் ஒண்ணுமில்லீங்க தம்பி. ரோட்டுல நவுரவே மாட்டேங்குது. முட்டை வண்டி கூட முந்தீட்டுப் போறானுங்க. கொஞ்சம் ஸ்பீடு ஏத்தி உடுங்க.”

தனபால் கையில் வைத்துப் பிடிக்கும் மீட்டரைக் கொண்டுவந்து பார்த்தார். பாரமில்லாமல், முழு ஆக்சிலேட்டரில், நிமிடத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு சுற்று. புத்தகத்தில் போட்டிருப்பதும் அதுதான். குறடை எடுத்தார். கம்பியை வெட்டினார். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வெளிப்பக்கமாக ஒன்றரைச் சுற்றுத் திருப்பினார். மறுபடியும் மீட்டர் வைத்தார். இரண்டாயிரத்து எண்ணூறு.

“போதுங்களாண்ணா?”

“இப்பத்தான் தம்பி வண்டி மாதிரி சத்தம் வருது.”

(ரஞ்சனியின் பென்சில்: இவர் பம்புக்காரர். சீலில் கை வைக்கும்போது ஒரு வார்த்தை கூடவா சொல்லமாட்டார்?)

4

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். வருடா வருடம் நடத்துவதுதான்.

பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் கவர்னர், அதற்குள் சின்ன எடைகள் சுற்றுகின்றன. வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து, டீசலைக் குறைத்துவிடும். எந்த வேகத்தில் அந்தக் குறைப்பு தொடங்க வேண்டும் என்பதைத் திருகு சொல்லும். சுற்றுகிற எதுவும் தன் மையத்தை விட்டு ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டாயிரத்து முந்நூறை இரண்டாயிரத்து எண்ணூறாக்கினால் வேகம் கால் பங்குக்கும் குறைவாகத்தான் கூடியிருக்கும். விசையோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. வகுப்பில் நூலில் கல்லைக் கட்டிச் சுழற்றிக் காட்டுவேன். கடைசி பெஞ்சுக்குக் கூடப் புரியும்.

மயில்சாமி வேகம் கேட்டது ரோட்டுக்காக. ஆனால் அதே டிராக்டரின் பின்னால் இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் தண்டில்தான் சோளம் அடிக்கும் மிஷினையும் மாட்டுகிறார். மிஷின் ஓடும்போது கை ஆக்சிலேட்டரைக் கடைசி வரை தள்ளிவிடுவது அவர் வழக்கம். கடைசி எது என்பதை இத்தனை நாள் வேறு யாரோ முடிவு செய்து வைத்திருந்ததால், அந்த வழக்கத்தில் ஆபத்தில்லை. இப்போது கடைசி நகர்ந்துவிட்டது. மிஷினுக்குள் சுற்றிக் கதிரை அடிக்கும் இரும்பு உருளைக்கு அது தெரியாது. அது பழைய வேகத்துக்காகச் செய்தது.

அந்த மிஷினின் வாயில் கதிரை அள்ளிப் போடுகிறவள் குப்பாயி. வயது ஐம்பத்திரண்டு. தலையில் துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பாள். பத்து வருடம் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றதில் காது மந்தம், வலது காதில் சுத்தமாகக் கேட்காது. சத்தம் மாறினால் முதலில் விலக வேண்டியவள் அவள். சத்தம் மாறுவது தெரியாதவளும் அவள்தான்.

5

தனபாலைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அவரைக் குடிகாரராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஏனோதானோ ஆளாக்கிப் பார்த்தேன். கடையில் ஸ்பேனர்களை அளவு வாரியாக வரிசையில் மாட்டி வைத்திருப்பவரை எப்படி ஏனோதானோ என்பது? கடைசியில் நல்லவராகவே விட்டு, டீக்கடையில் உட்கார வைத்தேன்.

“மயில்சாமியண்ணன் மிசினு வியாழக்கிழமை ஓடுதாமா. மழைக்கு முன்னாடி அடிச்சுப் போடோணும்னு குப்பாயக்காளையும் வரச் சொல்லியிருக்காப்ல” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தனபால் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த டிராக்டர் மிஷின் ஓட்டுகிற வண்டி என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. போனை எடுத்து

இதற்கு மேல் மூன்று வாரமாக அந்த வாக்கியம் நகரவில்லை.

6

எனவே முடிவுகளை மொத்தமாக எழுதிப் போட்டேன்.

(அ) தனபால் நேரே காட்டுக்குப் போய், “தப்புப் பண்ணீட்டனுங்கண்ணா” என்று சொல்லித் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார். மயில்சாமி கோபப்படுகிறார், அப்புறம் மோர் கொடுக்கிறார். நல்ல முடிவுதான். ஆனால் எல்லோரும் என்னை விட நல்லவர்களாக இருக்கிறார்கள்.

(ஆ) உருளை உடைகிறது. இதை எழுதும்போது என் பேனா தானாக வேகம் பிடித்தது. ஒரு பக்கம் ஓடி, குப்பாயியின் கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். தாளைக் கிழித்துப் போட்டேன்.

(இ) ஒன்றும் நடக்கவில்லை. சோளம் அடித்து முடிகிறது. குப்பாயி துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அடுத்த போகத்துக்கும் வருகிறாள்.

7

இன்று புதன்கிழமை. காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ரஞ்சனி கதையை என் பக்கம் தள்ளினாள்.

“சீலைத் தனபால் கடையில வெச்சு வெட்டறாருன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“அது எப்படீங்க உங்க டிராயருக்கு வந்துச்சு?”

எழுத்தாளன் பிறகு சொல்வதாகச் சொன்ன இடம் இதுதான். நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லார் பேரையும் மாத்தீட்டீங்க. பம்புக்காரர் பேரை மாத்தியாச்சு, உங்க பேரையும் மாத்தியாச்சு. குப்பாயக்கா பேரை மட்டும் ஏன் மாத்தலீங்க?”

“மறந்துட்டேன்.”

அது உண்மை. எனக்கு அவள் ஒரு பாத்திரமாகத் தோன்றவே இல்லை. மயில்சாமி நான்தான். டிராக்டர் என்னுடையது. அந்த முட்டை வண்டி என்னைத்தான் முந்திப் போனது. கதையில் தனபால் ஆனவர், நேரில் குறடைத் தொடவே இல்லை. “சீலை உடைக்க மாட்டனுங்க சார். மிசினு ஓட்டற வண்டி இது, லாரி இல்லீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து, கம்பியை அறுத்துச் சீலை இழுப்பறையில் போட்டுவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்து நானே திருப்பினேன். இயற்பியல் தெரிந்தவனுக்கு ஒரு திருகு என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பழைய இடத்தைக் குறித்து வைக்கவில்லை. ஒன்றரைச் சுற்று என்று கதையில் எழுதியது உத்தேசம். இரண்டாயிரத்து எண்ணூறும் உத்தேசம்தான். வண்டியின் மீட்டர் முள் நான்கு வருடமாக அசையவில்லை. சரிசெய்ய வேண்டுமென்றால் அதே மனிதரின் கடைவாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, முடியாது என்று சொன்னவர் தலையிலேயே பழியைப் போட்டு ஒரு கதை எழுதியிருக்கிறேன். இதை அவளிடமும் சொன்னேன்.

“எப்பத் திருப்புனீங்க?”

“ரெண்டு வருசம் ஆச்சு.”

ரஞ்சனி டப்பாவைப் பையில் வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப மூணாவது முடிவை எதுக்கு எழுதறீங்க? அதுதான நம்ம காட்டுல நடந்துக்கிட்டு இருக்குது.”

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இந்தப் பத்திக்கு அவள் பென்சில் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

8

நாளை வியாழக்கிழமை. லீவு போட்டிருக்கிறேன். கதிர் காய்ந்து களத்தில் குவிந்து கிடக்கிறது. மேற்கே வானம் கறுத்திருக்கிறது. ஷெட்டில் டிராக்டர் நிற்கிறது, மிஷினைப் பின்னால் மாட்டியாயிற்று. பம்புக்காரரின் நம்பர் என் போனில் இருக்கிறது.

முடிவைத் திருத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது போன் அடித்தது. அவர் இல்லை.

“வாத்தியாருங்களா? குப்பாயி பேசறனுங்க சாமி. நாளைக்கி மிசினு ஓடுங்களா? நேரத்தோட வாரனுங்க.”

நான் சொன்னது: 

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதுவரை நடந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும் என்பதால் நீங்களே நிரப்பலாம். ஒரே ஒரு வேண்டுகோள். எதைச் சொன்னாலும் சத்தமாகச் சொல்லுங்கள். போனை அவள் எப்போதும் இடது காதில்தான் வைப்பாள், ஆனால் அதிலும் இப்போது சரியாகக் கேட்பதில்லை.