அறைச் சத்தம்

கொழுந்தன் ஏதோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. பதிவைக் கொடு என்றால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்பான், முகத்தைப் பார்க்காமல். முந்தாநாள் டீ குடிக்க வந்தவன், அவள் எழுதிக் காட்ட ஸ்லேட்டை எடுத்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டான்.

நாவல்களை வாசித்து ஒலிநூலாக்குவது அவள் தொழில். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முழு நாவலை அடித்துப் பிடித்து வாசித்து முடித்தாள். பதிவு செய்தவன் கொழுந்தன். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சே இல்லை. குரலுக்கு முழு ஓய்வு கொடுத்தால் தானாகத் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதாக வீட்டுக்காரர் சொன்னார். அவளும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு குரலைச் சேமித்துவந்தாள். அதுவரை கையிருப்பு அந்தப் பதிவு ஒன்றுதான். அது கெட்டுப்போயிருந்தால் மறுபடி வாசிக்க வழியில்லை.

கெடுத்துத்தான் வைத்திருப்பான் என்று நினைத்தாள். வாசிக்கும்போதே கவனித்தாள், ஒலி அளவு காட்டும் மீட்டர் பாதிகூட ஏறவில்லை. நாவலில் ஒருத்தி முணுமுணுப்பாள், அடுத்த பக்கத்திலேயே அலறுவாள். அலறல் உடையக் கூடாதென்று பதிவின் அளவை ஒரேயடியாகத் தாழ்த்தியிருந்தான். கேட்டதற்கு ஒரு பிரசங்கம் வைத்தான். ஒலியை அளந்து பதிவதில் பதினாறு பிட் என்பது அங்குலம் மட்டும் போட்ட அளவுகோலாம். இருபத்துநாலு பிட்டில் மில்லிமீட்டருக்கும் கீழே கோடு உண்டாம். எவ்வளவு தாழ்வாகப் பதிந்தாலும் பிறகு ஒலியைத் தூக்கிக்கொள்ளலாமாம்.

"எறும்பு நடந்தாலும் விழும் அண்ணி" என்றான்.

வாய்ச்சவடால். மெமரி கார்டில் இடம் போதாமல் பதினாறிலேயே பதிந்துவிட்டு, தூக்கிப் பார்த்தால் இரைச்சலாக வருகிறது, அதுதான் முழிக்கிறான். இப்படி முடிவுகட்டி, அண்ணனும் தம்பியும் மதியம் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள்.

கோப்பில் இருபத்துநாலு என்றுதான் போட்டிருந்தது. போட்டிருந்தால் ஆயிற்றா? பதினாறில் எடுத்ததை இருபத்துநாலாக மாற்றிச் சேமிக்க எவ்வளவு நேரமாகும்? ஹெட்போனை மாட்டி, முணுமுணுப்பு வரும் இடத்தைத் தேடித் தூக்கினாள். அவள் குரல், உதடு பிரியும் சத்தத்தோடு, பளிச்சென்று வந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், பிள்ளை ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறான்.

அப்புறம் ஏன் ஒளிகிறான்?

கடைசியில் 'அறைச் சத்தம்' என்று ஒரு துண்டு இருந்தது. வாசித்து முடித்ததும் காலி அறையைக் கொஞ்ச நேரம் பதிந்துகொள்வது வழக்கம், வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட. அன்று அவள் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். சும்மா ஓடவிட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. விடாமல் தூக்கினாள். பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த கதவு வழியாக, அவள் வீட்டுக்காரரின் குரல்.

"குரல் திரும்பாதுன்னு டாக்டர் தீர்மானமா சொல்லிட்டாருடா. அவகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா ஆபரேஷனுக்கே வரமாட்டா."

"அண்ணி ஓய்வெடுத்தா வந்துடும்னு நம்பிட்டிருக்காங்கண்ணா."

"நம்பட்டும்."

எறும்புக் கதை சொன்னவன், மைக் ஓடுவதை மறந்து பேசியிருக்கிறான். ஒளிந்தது இதற்குத்தான்.

படியில் காலடி கேட்டது. ஆத்திரம் தலைக்கேற, அவள் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றினாள். இருவரும் உள்ளே வந்ததும் அந்தத் துண்டை ஓடவிடும் பட்டனைத் தட்டினாள். கொழுந்தன் முதல் வார்த்தையிலேயே சுவரோரம் ஒதுங்கிவிட்டான். வீட்டுக்காரர் தன் குரலைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

இத்தனை மாதம் சேமித்ததையெல்லாம் திரட்டி அவள் கத்தினாள். காற்றுதான் வந்தது.

"உன் நல்லதுக்குத்தான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

அவள் மறுபடியும் தட்டினாள்.